பூச்சியைப் படிப்பது எதற்காக?

காரைக்குடிப் பகுதியில் வேளாண் பட்டம் பெற்று, பூச்சியியலில் முதுநிலைக் கல்விக்கு விண்ணப்பிக்கும் மாணவர் முன் நிற்கும் கேள்வி எளியது: "ஏன் இத்துறை?" "பயிரைக் கெடுக்கும் பூச்சிகளை ஒழிக்க" என்பதே நாம் சட்டென்று சொல்லிக்கொடுக்கும் விடை. கண்மாய் நீரை நம்பி நெல் விதைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது பொய்யும் அன்று. புகையான் தாக்கி வயல் வட்டம் வட்டமாகக் காய்ந்து கருகும்போது, சிற்றுயிர்களின் அழகைப் பற்றி அவ்வீட்டாரிடம் பேச நமக்கு உரிமையில்லை.

ஆயினும் அவ்விடை போதுமா? புகையானை உண்டு வாழும் சிலந்திகளும் அதே வயலில்தான் உள்ளன. வரம்பின்றித் தெளித்த மருந்து அவற்றையும் கொன்றது. பகையற்ற புகையான் முன்னினும் பெருகியது. இதையுணர்ந்தே இந்தோனேசிய அரசு 1986-இல் 57 பூச்சிக்கொல்லிகளை நெற்பயிரில் பயன்படுத்தத் தடை விதித்தது. கொல்வதில் காட்டிய விரைவை அறிவதில் காட்டாததால் வந்த வினை அது.

சென்னை லயோலா கல்லூரியில் 1963-இல் பூச்சியியல் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்த பேராசிரியர் டி.என். அனந்தகிருஷ்ணன், கண்ணுக்கு எளிதில் புலப்படாத இலைப்பேன்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவற்றுள் பயிரை உறிஞ்சுபவையும் உண்டு. பூஞ்சையை உண்பவையும், பிற சிறு பூச்சிகளை இரையாக்குபவையும் உண்டு. பகை எது, துணை எது என்பது பொறுமையோடு பார்ப்பவர்க்கே புலனாகும்.

பயிரைக் காக்க விரும்புகிறவர் முதலில் பூச்சியை அறிய விரும்ப வேண்டும். 'அறிய விரும்புகிறேன்' என்று விண்ணப்பத்தில் எழுதத் தயங்க வேண்டியதில்லை என, நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்வோம்.