கொடுத்ததற்குச் சான்று வாங்கியவரின் முகமா?

ஈழத்துத் தமிழ் யூடியூப்பில் ‘உதவி வீடியோ’ என்று ஒரு தனி வகையே உருவாகிவிட்டது. எந்த ஊரில் எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே அமைப்புத்தான். பனைகளுக்கு நடுவே ஒரு மணல் ஒழுங்கை, கிடுகு வேலி, தகரக் கூரை, வாசலில் ஒரு பெண். “உங்கட வீட்டுக்காரர் எங்க அம்மா?” என்று கமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும். “எத்தின பிள்ளையள்? நேற்று ராவு என்ன சமைச்சனீங்கள்?” அவர் பதில் சொல்லச் சொல்லக் கமரா முகத்தை நெருங்கும். அடுப்படிக்குள் போய் வெறும் பானையைக் காட்டும். மூலையில் ஒதுங்கி நிற்கும் பெண்பிள்ளையைத் தேடிப் பிடிக்கும். கண்ணீர் வந்தவுடன் பின்னணி இசை தொடங்கும். அதன் பிறகுதான் அரிசி, மா, சீனி, பருப்பு, சோயாமீற், தேயிலை என்று உலர் உணவுப் பொதி ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டப்படும். கனடாவிலோ சுவிஸிலோ வாழும் ஒருவர் தன் தாயாரின் நினைவு நாளை முன்னிட்டுத் தந்தது இது என்று அறிவிப்பார்கள். “அவைக்கு ஒரு நன்றி சொல்லுங்கோ அம்மா” என்று கேட்டு வாங்குவார்கள். அழுத அந்த முகமே வீடியோவின் முகப்புப் படமாகும்.

இதில் ஈடுபடும் எல்லோரையும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அனுப்பியவருக்கு இரக்கம் இருந்தது. வாங்கியவருக்குத் தேவை இருந்தது. பொதியும் வீடு வந்து சேர்ந்தது. அப்படியிருந்தும் பார்த்து முடிக்கும்போது மனதில் ஏதோ உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்குக் காரணம் வெறும் கூச்சமா, அல்லது உண்மையிலேயே ஒரு அநியாயம் நடந்திருக்கிறதா என்பதை நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது.

மன்னார் தீவில் ஓலைத்தொடுவாய் போன்ற ஒரு கரையோர ஊரை நினைத்துக்கொண்டு இதைப் பார்ப்பது நல்லது. இங்கே தேவை கற்பனை அல்ல. 1990இல் யுத்தம் மூண்டபோது இந்தக் கரைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வள்ளமேறி இராமேஸ்வரம் போனார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் தீவின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது, கடலுக்குப் போகும் செலவே பிடிக்கும் மீனின் விலையைத் தின்றது. இந்தியாவின் இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போவது தீராத வழக்கு. இப்படி அடிமேல் அடி வாங்கிய கரையில், வெளிநாட்டு உறவுகளின் காசு பல வீடுகளில் அடுப்பெரிய வைத்திருக்கிறது. ஆகவே ‘கமராவோடு வரும் உதவி வேண்டாம்’ என்று, பசி அறியாத இடத்திலிருந்து சொல்லிவிட்டுப் போவது எளிது. அது நேர்மையான வாதம் ஆகாது.

வீடியோவுக்கு ஆதரவான வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துக்கொள்வோம். ரொறன்ரோவில் இரவு வேலை செய்து காசு அனுப்புபவர் எத்தனையோ முறை ஏமாந்தவர். உண்டியலில் அனுப்பிய காசு ஊருக்குப் போனதா, இடையில் யாரேனும் விழுங்கினார்களா என்று அவருக்குத் தெரியாது. யுத்தக் காலத்திலும் அதன் பிறகும் எத்தனையோ பேரால், எத்தனையோ பெயர்களில் அவரிடம் காசு சேர்க்கப்பட்டது. கணக்கு மட்டும் வரவில்லை. அவர் சான்று கேட்பதில் பிழை இல்லை. அதோடு, படம் மனதை அசைக்கும் என்பதும் உண்மை. 2022 மார்ச் 22 அன்று மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலிருந்து 16 பேர், கைக்குழந்தையோடு, பொருளாதார நெருக்கடிக்குத் தப்பித் தமிழ்நாட்டுக் கரையை அடைந்தார்கள். அவர்களுடைய படங்கள் ஊடகமெங்கும் பரவின. ஏப்ரல் இறுதியில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இலங்கைக்கு உதவத் தீர்மானம் நிறைவேற்றியது. 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்துகளும் தருவதாக அறிவிக்கப்பட்டு, மே மாதத்தில் முதற் கப்பல் புறப்பட்டது. தீர்மானத்துக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் கரையில் வந்து நின்ற அந்த முகங்களைப் பார்க்காதிருந்தால், கடலுக்கு அந்தப் பக்கம் அத்தனை மனங்கள் அசைந்திருக்குமா என்று கேட்பவருக்குப் பதில் சொல்வது கடினம்.

அந்தக் கப்பலில் வந்த பொதிகளில் தமிழ்நாட்டு மக்களின் அன்பளிப்பு என்ற குறிப்பு அச்சிடப்பட்டிருந்தது. கொடுத்தவர் தன் பெயரைப் பொறித்துக்கொண்டார். அந்த அரிசியைச் சமைத்த வீடு எது என்று யாருக்கும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கொடுத்தவர் தன்னை வெளிக்காட்டுவது ஒன்று, வாங்கியவரை வெளிக்காட்டுவது வேறொன்று. முதலாவதில் கொஞ்சம் பெருமை இருக்கலாம், ஆனால் அந்தப் பெருமைக்கான விலையை வேறு யாரும் கொடுக்கவில்லை. இரண்டாவதில் விலை முழுவதையும் வாங்கியவர் கொடுக்கிறார்.

அந்த விலை என்னவென்று பார்க்க வேண்டும். ரொறன்ரோவில் பார்ப்பவருக்கு அது பத்து நிமிட வீடியோ. ஓலைத்தொடுவாயில் அது பக்கத்து வீடு. எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு முறையில் உறவாக இருக்கும் ஊர்களில், ஒரு வீட்டின் வெறும் பானை அன்றிரவே எல்லாக் கைத்தொலைபேசிகளிலும் ஏறிவிடும். மறுநாள் பள்ளிக்கூடத்தில், மூலையில் ஒதுங்கி நின்ற அந்தப் பெண்பிள்ளையிடம் வகுப்பு என்ன கேட்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். உணவுப் பொதி இரண்டு கிழமையில் முடிந்துவிடும். வீடியோ முடியாது. அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் போகும்போதும், அவளுக்குக் கலியாணம் பேசும்போதும், அவளே தாயான பிறகும் அது தேடுபவருக்குக் கிடைக்கும். அரிசிக்கும் பருப்புக்கும் ஈடாக ஒரு குழந்தையின் வருங்காலத்தில் ஒரு பங்கு எழுதி வாங்கப்பட்டிருக்கிறது. அதை எழுதிக் கொடுக்க அந்தக் குழந்தைக்கு வயதும் இல்லை, வாய்ப்பும் இல்லை.

‘அவர்கள் சம்மதித்துத்தானே எடுத்தோம்’ என்பது அடுத்த பதில். பொதி வாசலில் இறங்கிய பிறகு கேட்கப்படும் சம்மதம் எப்படிப்பட்டது? மாட்டேன் என்றால் பொதி திரும்பிப் போய்விடுமோ என்ற பயம் இருக்கும்வரை, சொல்லப்படும் ‘ஓம்’ பசியின் குரல். இலங்கையின் 2022ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் என்பது சுயமாகத் தரப்பட்டதாகவும் எதற்கென்று அறிந்து தரப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்றே வரையறுக்கிறது. தந்த சம்மதத்தை மீளப் பெறவும் அது இடம் வைக்கிறது. சட்டம் இருக்கட்டும். எளிமையான ஒரு சோதனை போதும்: முகம் காட்ட மறுத்தாலும் பொதி கிடைக்கும் என்று முதலிலேயே, கமராவை வெளியில் எடுக்கும் முன்பே சொல்லப்பட்டதா? அப்படிச் சொன்ன பிறகும் எத்தனை பேர் அழுதுகாட்டச் சம்மதிப்பார்கள்?

மறுத்தால் என்ன நடக்கும் என்பதையும் நாடு பார்த்துவிட்டது. 2025 மார்ச்சில் யாழ்ப்பாணம் பண்டத்தரிப்புப் பகுதியில், இத்தகைய வீடியோக்களால் பேர் பெற்ற யூடியூபர் ஒருவர் கைதாகி மல்லாகம் நீதிமன்றத்தில் முற்படுத்தப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். உதவி கொடுக்கப் போன வீட்டில், கமராவுக்கு முன் வர மறுத்த பெண்பிள்ளையை அவமதிக்கும் விதமாகப் பேசி, அதையும் வீடியோவாக வெளியிட்டார் என்பதே மக்களைக் கொதிக்க வைத்தது. ஒரு தனி மனிதரின் குணக்கேடு என்று அதைத் தள்ளிவிடுவது வசதியாக இருக்கும். ஆனால் உதவி வாங்குபவர் பணிந்தும் அழுதும் நன்றி சொல்லியும் காட்ட வேண்டும் என்பது அந்த வீடியோவுக்குள் ஏற்கெனவே எழுதப்பட்ட நாடகம். அதில் நடிக்க மறுப்பவர் மீது கோபம் வருவது அந்த அமைப்பின் இயல்பான அடுத்த படி.

இன்னும் மோசமான ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. யாருக்கு உதவி என்பதைக் கமரா தீர்மானிக்கத் தொடங்குகிறது. இடிந்த சுவர் படத்தில் நன்றாக விழும். கடனில் மூழ்கியிருந்தாலும் சுவருக்கு வெள்ளை அடித்து வைத்திருக்கும் வீடு விழாது. நன்றாக அழத் தெரிந்தவருக்குப் பொதி இரண்டாவது முறையும் வரும். மானத்துக்கு அஞ்சிக் கதவைச் சாத்திக்கொண்டவருக்கு ஒருமுறையும் வராது. அதிகம் பேர் பார்த்தால் விளம்பர வருமானமும் அதிகம் என்றிருக்கும்போது, தேவையை அளக்கும் கோல் கண்ணீராகிவிடுகிறது.

அரசும் இதில் குற்றமற்றதல்ல. 2023இல் அஸ்வெசும நலன்புரித் திட்டம் தொடங்கியபோது, தெரிவானவர்களின் பெயர்ப் பட்டியல் ஆட்சேபங்களுக்காகப் பகிரங்கமாக வெளியிடப்பட்டது. யார் ஏழை என்பதை அயலவர் பார்த்து மறுப்புச் சொல்லலாம் என்றானது. ஆனாலும் அந்தப் பட்டியலில் பெயர் இருந்தது, அழும் முகம் இல்லை. உரிமையாகப் பெறும் கொடுப்பனவு என்பதால் யாருக்கும் கைகூப்பவும் வேண்டியிருக்கவில்லை. 1990இல் அகதிகளுக்கான ஐ.நா. உயர்ஸ்தானிகராலயம் மடுவிலும் பேசாலையிலும் திறந்த நிவாரண நிலையங்களை நடத்தியபோதும், இந்தக் கரை மக்கள் வரிசையில் நின்றுதான் வாங்கினார்கள். வரிசை கடினமானது. ஆனால் வரிசையில் எல்லோரும் நின்றார்கள். ஒருவரைத் தனியே பிரித்தெடுத்து, ‘உன் துன்பத்தைச் சொல், உலகம் பார்க்கட்டும்’ என்று யாரும் கேட்கவில்லை.

வாங்குபவரை வெளிக்காட்டாமல் கொடுக்கும் அறம் மன்னார் மண்ணுக்குப் புதிதல்ல. மடு மாதாவைக் கும்பிடுபவருக்கு, வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று மத்தேயு நற்செய்தி சொல்லியிருக்கிறது. எருக்கலம்பிட்டியில் தொழுபவருக்கு, தர்மத்தை வெளிப்படையாகச் செய்வது நல்லதுதான், மறைவாக ஏழைகளுக்குக் கொடுப்பது அதைவிட மேல் என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது. சொல்லிக்காட்டியும் நோகடித்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் அங்கேதான். திருக்கேதீச்சரத்துக்குப் போகிறவரும் போகாதவரும் படித்த திருக்குறளின் ஈகை அதிகாரத்தில், இல்லாதவன் தன் இல்லாமையைச் சொல்லும் முன்பே கொடுப்பது உயர்ந்த பண்பு என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். அதே அதிகாரத்தில், வாங்கியவரின் மலர்ந்த முகத்தைக் காணும்வரை கொடுப்பவருக்கு நிம்மதி இல்லை என்ற கருத்தும் இருக்கிறது. முகம் பார்க்க விரும்புவது இயல்பு என்பதை வள்ளுவரும் அறிந்திருந்தார். ஆனால் அவர் பேசியது கொடுப்பவர் நேரில் காணும் முகம். அதை ஊரார் எல்லோரும் காணட்டும் என்று அவர் சொல்லவில்லை. 1994இல் செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட நடத்தைக் கோவையின் பத்தாவது, கடைசி விதியும் இதையேதான் கேட்கிறது: எங்கள் விளம்பரங்களில் பாதிக்கப்பட்டவர்களைக் கதியற்ற பொருட்களாகக் காட்டாமல், மதிப்புள்ள மனிதர்களாகக் காட்டுவோம் என்று.

அப்படியானால் கமராவே கூடாதா? அதுவும் தவறு. 2025 ஓகஸ்டிலும் செப்டம்பரிலும் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மன்னார் மக்கள் வீதியில் இறங்கியபோது, பொலிஸார் அவர்கள்மேல் பலத்தைப் பிரயோகித்ததை உலகுக்குக் கொண்டு போனவற்றில் ஊரவர்களின் கைத்தொலைபேசிகளும் உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார், பிள்ளையின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தங்கள் முகத்தை உலகுக்குக் காட்டுகிறார்கள். அங்கும் கண்ணீர் இருக்கிறது. ஆனால் அந்தத் தாய் அரசிடம் பதில் கேட்கிறார். படம் எடுக்கப்படுவதை அவரே விரும்புகிறார். எப்போது பேசுவது, எப்போது நிறுத்துவது என்பது அவர் கையில் இருக்கிறது. உதவி வீடியோவில் கேள்வி கேட்பவர் கமராக்காரர். அந்தப் பெண் பதில் மட்டும் சொல்கிறார், அதுவும் தன் அடுப்பைப் பற்றி.

இனி, சான்று கேட்கும் புலம்பெயர் உறவின் நியாயத்துக்கு வருவோம். அவர் சந்தேகப்படுவது யாரை? வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணை அல்ல. காசை இடையில் கையாளும் ஆளைத்தான். அப்படியென்றால் நிரூபிக்க வேண்டிய கடமையும் இடையில் நிற்பவருக்கே உரியது. கோயில் திருப்பணிக்குக் காசு சேர்த்தால் பொருளாளர் கூட்டத்தில் எழுந்து நின்று கணக்கு வாசிக்கிறார். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவு, மிச்சம் எங்கே என்று சிட்டைகளோடு சொல்கிறார். உதவி வீடியோ செய்வது இதைத் தலைகீழாக்குவது. இடையில் நிற்பவர் கணக்கைக் காட்டுவதில்லை, வாங்கியவரின் முகத்தைக் காட்டித் தன் கடமை முடிந்தது என்கிறார். எவ்வளவு காசு வந்தது, பொதியின் விலை என்ன, வீடியோவால் கிடைத்த வருமானம் எங்கே போனது என்பவை அந்தக் கண்ணீருக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றன. ஆகவே முகம் நல்ல சான்றுகூட அல்ல. ஒரு பொதி போய்ச் சேர்ந்தது என்பதை மட்டும் அது காட்டும். அனுப்பிய காசு முழுவதும் போய்ச் சேர்ந்ததா என்பதை அது ஒருபோதும் காட்டாது.

சரியான சான்றுக்கு வழி இல்லாமல் இல்லை. குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகக் காசு போகலாம். பங்குக் கோவில், பள்ளிவாசல், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் என்று ஊரில் ஏற்கெனவே கணக்கு வைத்துப் பழகிய அமைப்புகள் இருக்கின்றன. அவற்றின் பற்றுச்சீட்டும் கையொப்பமும், காசு அனுப்பியவருக்கு மட்டும் போய்ச் சேரலாம். படம் வேண்டுமென்றால் வாங்கிய வலையை, வேய்ந்த கூரையை, கட்டிய மலசலகூடத்தை எடுக்கலாம். பிள்ளைகளின் முகம் எந்த நிலையிலும் வேண்டாம். பெரியவர் ஒருவர் தானாக முன்வந்து பேசினால், பிறகு ஒரு நாள் நீக்கச் சொன்னால் நீக்குவோம் என்ற வாக்குறுதியோடு பேசட்டும்.

இதனால் பார்வையாளர் குறைவார்கள், உதவியும் குறையக் கூடும் என்பது உண்மையான இழப்புத்தான். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த இழப்பைச் சரிக்கட்டும் பொறுப்பு, ஏற்கெனவே எல்லாம் இழந்த வீட்டின்மேல் விழக் கூடாது. கொடுக்கும் வசதி உள்ளவர்கள் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கையையும் கொஞ்சம் கூடுதல் முயற்சியையும் தாங்களே ஏற்றுக்கொள்ள வேண்டும். இடையில் நிற்பவர் தானாக நிறுத்தமாட்டார். ஆனால் சட்டம் வந்துதான் நிறுத்த வேண்டும் என்றில்லை. இந்த வீடியோக்கள் இருப்பது பணம் அனுப்புபவர் அதைக் கேட்பதால். ‘தாயாரின் நினைவாகத் தருகிறேன், யாருடைய முகமும் வேண்டாம், கணக்கை மட்டும் எனக்கு அனுப்புங்கள்’ என்று அவர் ஒரு வரி எழுதினால், கமரா அந்த வாசலில் நின்றுவிடும். தன் தாய் இதே நிலையில் இருந்திருந்தால் அவரை எப்படிக் காட்டச் சம்மதித்திருப்பாரோ, அதற்கு மேல் ஓர் அங்குலமும் இன்னொருவரின் தாயைக் காட்டச் சொல்லிக் கேட்கும் உரிமை அவருக்கு இல்லை.