பம்ப் மாறினால் கார் மாறுமா?

தஞ்சாவூர் சாலையில் காட்டூரைத் தாண்டித் திருவெறும்பூர் நோக்கிச் சித்திரை வெயிலில் ஊர்ந்துபோகும் பழைய பெட்ரோல் அம்பாசடர் நெரிசலில் நின்று அணைந்துவிட்டால், பல சமயம் காரணம் பெட்ரோல் பம்ப்தான். பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் பிளாக்கிலேயே போல்ட் போட்டு இறுக்கப்பட்டது. கேம் ஷாஃப்ட் அதன் நெம்புகோலைத் தட்டத் தட்ட, உள்ளேயிருக்கும் டயஃப்ரம் ஏறி இறங்கி, பின்னால் உள்ள டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அதனால் சூடேறிய பெட்ரோல் இன்னும் எளிதாக ஆவியாகிறது. ஆவியை இந்தப் பம்பால் ஒழுங்காகத் தள்ள முடியாது. இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைப் பழைய ரப்பரும் தாங்குவதில்லை. டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் நேரே இன்ஜின் ஆயிலில் இறங்கிவிடும். ஆகவேதான் டேங்குக்குப் பக்கத்தில், அதன் மட்டத்துக்குத் தாழ, மின்சார பம்ப் வைக்கிறார்கள். அங்கிருந்து அது பெட்ரோலை அழுத்தத்தோடு முன்னே தள்ளுகிறது.

அதற்குப் பிறகும் அது அதே கார்தானா? தேரின் பாகங்களை ஒவ்வொன்றாகச் சுட்டி, இதுவா தேர், அதுவா தேர் என்று மிலிந்த மன்னனைக் கேட்ட பௌத்தத் துறவி நாகசேனர், தேர் என்பது வெறும் வழக்குப் பெயர் என்று முடித்தார். அந்த முடிவை ஏற்றால், எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது என்பதற்கு வழிகாட்டல் கிடைக்காது. திருவரங்கத்தில் வாழ்ந்த ராமானுஜர் உடலுக்குத் தந்த இலக்கணம் எனக்கு இன்னும் உதவுகிறது: ஓர் ஆன்மா தன் பயனுக்காகத் தாங்கி, இயக்கி, தனக்கே அடங்கியதாக வைத்திருக்கும் பொருளே அதன் உடல். இங்கே உருவமோ மூலப்பொருளோ அளவுகோல் இல்லை; அடங்கியிருத்தலே அளவுகோல். காருக்கு ஆன்மா ஏது என்று கேட்பது நியாயம்தான். ஓட்டுகிறவர்தான் அங்கே சேதனர், அதாவது உணர்வுள்ளவர். ஓட்டமே அவருடைய பயன். அந்த ஓட்டத்துக்கு அடங்கி நிற்பது காரின் உறுப்பு. மெக்கானிக்கல் பம்புக்கு இந்த அடக்கம் பிறவியிலேயே உண்டு: இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும். மின்சார பம்ப் அப்படியல்ல. சாவி ஆனில் இருக்கும்வரை, வண்டி மோதிக் குழாய் அறுந்தாலும் அது பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆயில் பிரஷர் இல்லாதபோது மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சோ, மோதலில் துண்டிக்கும் சுவிட்சோ சேர்ந்த பிறகே அது காருக்கு உரியதாகிறது. அழுத்தமும் அப்படித்தான்: கார்புரேட்டர் சுமார் 2 முதல் 4 பி.எஸ்.ஐ. தாங்கும், புதுக் கார்களின் இன்ஜெக்‌ஷன் பம்பை மாட்டினால் ஊசி வால்வை மீறிப் பெட்ரோல் வழியும்.

அசல் பாகமே கார் என்போரின் வாதத்தில் ஒரு பங்கு உண்மை உண்டு. பழைய கார் தன் காலத்துக்குச் சாட்சி. சாட்சியைத் திருத்தக் கூடாது. ஓடாமல் அருங்காட்சியகத்தில் நிற்கும் காருக்கு நானும் அதையே சொல்வேன். ஓடுகிற காரில் பாடியைத் துளைக்காமல் பம்பைப் பொருத்தி, கழற்றியதைப் பத்திரப்படுத்தினால் சாட்சியம் அழிவதில்லை. மின்சாரம் அந்தக் காலத்துக்கு அந்நியமும் அல்ல. 1948இல் வந்த மோரிஸ் மைனருக்குத் தொழிற்சாலையே எஸ்.யூ. மின்சார பம்பைத்தான் கொடுத்தது. புதியது சேர்ந்தாலும் பழையது அதுவாகவே இருக்கும் என்பதற்கு வேறோர் உதாரணமும் உண்டு: நூற்றாண்டுகளாக முடிவுறாமல் நின்ற திருவரங்கத்து ராஜகோபுரம் அகோபில மடத்தின் 44ஆம் ஜீயர் முயற்சியால் 1987இல் 13 நிலைகளோடு எழுந்தது. மேல்நிலைகள் நம் காலத்தவை என்பதால் அதை வேறு கோபுரம் என்று யாரும் சொல்வதில்லை. அடித்தளம் எதற்காகப் போடப்பட்டதோ அதையே அவை நிறைவேற்றின.

அப்படியானால் இன்ஜினையே கழற்றிவிட்டு மின்மோட்டார் வைக்கலாமா என்ற கேள்வியே கடினமானது. புதியது வந்ததும் எவற்றுக்கு வேலை போகிறது என்று பார்க்க வேண்டும். மின்சார பம்ப் வந்தால் ஒரு பழைய பம்புக்கு மட்டுமே ஓய்வு; கார்புரேட்டரும் கேம் ஷாஃப்டும் கியரும் தத்தம் வேலையைத் தொடர்கின்றன. மோட்டார் வந்தாலோ டேங்க், கார்புரேட்டர், ரேடியேட்டர், சைலன்சர் எல்லாமே வேலையிழக்கின்றன. அங்கே மோட்டார் காருக்கு அடங்கவில்லை; காரின் கூடுதான் மோட்டாருக்கு அடங்குகிறது. அதை நல்ல வாகனம் என்று சொல்லத் தயங்க மாட்டேன், அதே கார் என்று சொல்ல மாட்டேன்.