கடைசித் தேதி

போன செப்டம்பரில் என் மகள் நேஷனல் மெரிட் செமிஃபைனலிஸ்ட் பட்டியலில் வந்தாள். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் அன்று பாயசம். ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு குடுப்பாங்க?" 2500 டாலர், ஒரே ஒரு தடவை என்றேன். பயிற்சி வகுப்புக்கு நான் கட்டியது அதைவிட அதிகம் என்பதைச் சொல்லவில்லை.

இங்கே பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். பதினோராம் வகுப்பில் அக்டோபர் மாதம் பி.எஸ்.ஏ.டி. தேர்வு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதி, சுமார் 16,000 பேர் செமிஃபைனலிஸ்ட் ஆகிறார்கள். அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் கடைசியில் பணம். அந்த 2500 டாலருக்கு வீட்டு வருமானத்தை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் இந்தப் பட்டத்தோடு போனால் அலபாமா போன்ற சில பல்கலைக்கழகங்கள் பல வருடக் கல்விக் கட்டணத்தையே விட்டுத் தருகின்றன. என் மனைவியின் கண் அங்கேதான்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் கேட்டாள். "அப்பா, நமக்கு எதுக்கு இந்தக் காசு?"

"இது காசு இல்லம்மா, மரியாதை."

"அப்ப சர்டிஃபிகேட் மட்டும் குடுத்தாப் போதாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் கோயிலில் நடந்த ஒன்றுதான் என்னை இதை எழுத வைத்தது.

புதிதாக வந்திருக்கும் ஒரு குடும்பம். அவர் இந்திய மளிகைக்கடை ஒன்றில் கல்லாவில் நிற்கிறார். பையன் பத்தாவது. "அண்ணே, பாப்பாவ எந்த கிளாஸ்ல சேத்தீங்க?" என்று கேட்டார். "கிளாஸெல்லாம் இல்ல, அவளே படிச்சதுதான்" என்றேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை, தானாக வந்தது. காரில் ஏறியதும் மகள் கேட்டாள், "ஏன் பொய் சொன்னீங்க?"

எனக்கு இது இரண்டாவது தடவை.

விருதுநகர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் ஒன்பதாவது படித்தபோது ஊரகத் திறனாய்வுத் தேர்வு வந்தது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். தேர்வானால் பன்னிரண்டாவது வரை வருடா வருடம் உதவித்தொகை. தலைமையாசிரியர் எங்கள் மூன்று பேரைக் கூப்பிட்டுப் படிவம் கொடுத்தார். என்னிடம் மட்டும், "வேற யாராச்சும் எழுதணும்னா ஆபீஸ்ல வாங்கிக்கச் சொல்லு, வெள்ளிக்கிழமை கடைசி" என்றார்.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். சாயங்காலம் வீட்டில் அம்மாவோடு தீப்பெட்டி ஒட்டுவான், அதனால் வீட்டுப்பாடம் பாதிதான் முடிந்திருக்கும். ரேங்கில் பின்னால் நிற்பான். அவனிடம் நான் சொல்லவில்லை. ஐம்பதில் ஒரு இடம் போய்விடும் என்று அந்த வயதிலேயே கணக்குப் போடத் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை போனது. எனக்கு உதவித்தொகை கிடைத்தது, பிரார்த்தனைக் கூட்டத்தில் பெயர் வாசித்தார்கள், அவனும் கை தட்டினான். பத்தாவதோடு நின்று திருப்பூர் போனான். அந்தப் பணம் கிடைத்திருந்தால் மட்டும் படித்திருப்பானா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டதுண்டு. ஆனால் அந்தத் தேர்வை அவன் எழுத முடியாமல் போனதற்கு வறுமையைக் காரணம் சொல்ல முடியாது. அது என் வேலை.

இந்தத் தேர்வுகள் எல்லாம் பெற்றோரின் பணத்தைத்தான் அளக்கின்றன என்று இங்கே அடிக்கடி சொல்கிறார்கள். பயிற்சி வகுப்பு ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதை மறுக்க முடியாது. ஆனால் மாற்றாகச் சொல்லப்படும் கட்டுரை, சிபாரிசுக் கடிதம், கோடைக்கால முகாம், வயலின் எல்லாம் எதை அளக்கின்றன? தேர்வு என்று ஒன்று நடந்து, அதில் என் பக்கத்து பெஞ்சுக்காரனும் உட்கார்ந்திருந்தால், அவன் என்னைத் தாண்டியிருப்பான். சிபாரிசுக் கடிதத்தில் ஒருநாளும் தாண்டியிருக்க மாட்டான்.

டேவிட் கார்ட், லாரா ஜூலியானோ என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஃபுளோரிடாவின் ஒரு பெரிய பள்ளி மாவட்டத்தை ஆராய்ந்தார்கள். அங்கே திறன்மிகு மாணவர் வகுப்புக்கு முதலில் ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைக்க வேண்டும், அதன் பிறகே சோதனை. 2000களின் நடுவில் இதை மாற்றி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் முதற்கட்டச் சோதனை வைத்தார்கள். ஏழைப் பிள்ளைகளும் கறுப்பின, ஹிஸ்பானிக் பிள்ளைகளும் அந்த வகுப்புகளில் கணிசமாகக் கூடினார்கள். அதுவரை அவர்கள் பெயரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இதைப் படித்தபோது எனக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

ஆகவே தேர்வு வேண்டும் என்பதே என் கட்சி, ஆனால் எல்லோரும் எழுதுகிற தேர்வு. பணம் வேறு கதை. ஊரகத் திறனாய்வுக்குப் பெற்றோர் வருமான வரம்பு உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்கள் 2005இல் நேஷனல் மெரிட்டுக்குப் பணம் தருவதை நிறுத்தின. அதுவும் எனக்குப் புரிகிறது.

பணம் திசை மாற்றியும் விடும். மாசசூசெட்ஸில் ஆடம்ஸ் உதவித்தொகை என்று ஒன்று. மாநிலத் தேர்வில் நன்றாகச் செய்தால் மாநிலக் கல்லூரிகளில் டியூஷன் கிடையாது. ஆனால் அங்கே பெரிய செலவு மற்ற கட்டணங்கள், அவை அப்படியே இருக்கும். சேரா கோஹோட்ஸ், ஜோஷுவா குட்மன் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, இதற்காக மேலான கல்லூரிகளை விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் பலர். பட்டம் முடிப்பவர் விகிதம் குறைந்தே போனது. இதை மனைவியிடம் சொன்னேன். "நாலு வருஷ ஃபீஸும் சில்லறையும் ஒண்ணா?" என்றாள். அதிலும் நியாயம் இருக்கிறது.

மகளிடம் தீப்பெட்டி ஒட்டியவனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். "அவர் பேரு என்ன?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். அடுத்த ஞாயிறு தன் பயிற்சிப் புத்தகங்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, என்னைக் கார் எடுக்கச் சொன்னாள். மளிகைக்கடைக்காரர் வீட்டில் நான் முதலில் வகுப்பின் பெயரைச் சொன்னேன், கட்டணத்தையும் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. மகள் உடனே கான் அகாடமியில் இலவசமாகப் படிப்பது எப்படி என்று பையனுக்குக் காட்டினாள். பள்ளியில் பி.எஸ்.ஏ.டி.க்கு யாரிடம் பெயர் கொடுக்க வேண்டும், எப்போதைக்குள், கட்டணச் சலுகையை எப்படிக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவர்கள் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டு வந்தாள்.

ஃபைனலிஸ்ட் விண்ணப்பத்தை அக்டோபரில் அனுப்பிவிட்டோம். பணம் வந்தால் என்ன செய்வது என்பதில் வீட்டில் இன்னும் தகராறுதான். திருப்பூரில் அவனைத் தேடச் சொல்லி ஊரில் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.