வாசலில் சொன்ன தீர்ப்பு

2003 பொங்கல். 'தூள்' பார்த்த சூட்டோடு 'அன்பே சிவம்' போனேன். இடைவேளைக்குள்ளேயே இரண்டு கொட்டாவி. வெளியே வந்தபோது, அடுத்த காட்சிக்கு டிக்கெட் எடுக்க நின்றிருந்த ஒருவர், "படம் எப்படி சார்?" என்றார். "ரொம்பப் பேசறாங்க. தேறாது" என்றேன். மனிதர் மனைவி, குழந்தையோடு அப்படியே ஆட்டோ ஏறிவிட்டார்.

படம் அப்போது ஓடவில்லை. சில வருடங்கள் கழித்து, மனசு சரியில்லாத ஒரு ராத்திரி, டி.வி.யில் பார்த்தேன். மழையால் புவனேஸ்வர் ஏர்போர்ட்டில் மாட்டிக்கொண்ட நல்லசிவமும் அன்பரசுவும் பேசப் பேச, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதே படம்தான். பார்த்த ஆள்தான் வேறு.

அப்படியானால் அன்றைக்கு நான் சொன்னது பொய்யா? போரடித்தது நிஜம்தானே! ஆனால், "எனக்குப் பிடிக்கலை" என்பது என் சொந்தக் கணக்கு. "தேறாது" என்பது ஊர்க் கணக்கு. முதல் நோட்டில் எழுத வேண்டியதை இரண்டாவதில் எழுதிவிட்டேன். பி.காம். படித்தவன் செய்யக்கூடாத தப்பு.

காசு கொடுத்தவனுக்குக் கருத்துச் சொல்ல உரிமை இல்லையா? தாராளமாக உண்டு. ஆனால், நான் டிக்கெட் வாங்கியது என் ஸீட்டுக்கு மட்டும். அந்தக் குடும்பத்தின் மூன்று ஸீட்டுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுத யார் என்னைக் கேட்டார்கள்? அவர்களுக்கு அது பிடித்திருக்கலாம், பிடிக்காமலும் போயிருக்கலாம். அதை அவர்கள் பார்த்துவிட்டு அல்லவா சொல்ல வேண்டும்!

இப்போதெல்லாம் யாராவது "படம் எப்படி?" என்று கேட்டால், முழு விவரமும் சொல்லிவிடுகிறேன்: "எனக்குத் தூக்கம் வந்தது சார். ஆனா, அன்னிக்கு மத்தியானம் பிரியாணி!"