அவசரப்படாத விரல்

துப்பாக்கி சுடும் போட்டியைப் பார்க்கிறவர்கள் வீரரின் கண்ணைத்தான் புகழ்கிறார்கள். கண்ணுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கைத்துப்பாக்கியில் குறி தவறினால், பயிற்சியாளர்கள் முதலில் பார்ப்பது கண்ணை அல்ல, ஆள்காட்டி விரலை. விசையை அழுத்தும் அந்த ஒரு விரல் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் எனக்கு வாழ்க்கைப் பாடமாகவே படுகிறது.

ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல் என்றொரு போட்டி உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு ராணுவ வீரர் விஜய் குமார் வெள்ளி வென்றது இதில்தான். ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும். வீரர் ஒற்றைக் கையில் துப்பாக்கியைப் பிடித்து, கையைத் தாழ்த்தியபடி காத்திருக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்ததும் கையை உயர்த்தி, ஒவ்வோர் இலக்கிலும் ஒரு தோட்டா வீதம் ஐந்தையும் சுட்டு முடிக்க வேண்டும். அதற்கு முதலில் 8 வினாடி தருவார்கள், பிறகு 6 வினாடி, கடைசியில் 4 வினாடி. வேகமும் துல்லியமும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைப்பவர்கள் இந்த 4 வினாடியை ஒருமுறை பார்க்க வேண்டும்.

இதில் விரலின் வேலை எவ்வளவு கடினம் என்பதை எண்களே சொல்லும். விதிப்படி துப்பாக்கியின் எடை 1400 கிராமைத் தாண்டக் கூடாது. விசையோ குறைந்தது 1000 கிராம் எடையைத் தாங்க வேண்டும். அவ்வளவு லேசான ஒரு பொருளின் மேல் அவ்வளவு அழுத்தத்தை ஒரே விரல் கொடுக்கிறது. அழுத்தம் நேர் பின்னால் போனால் குழல் அசையாது. கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளினாலும், கூடவே மற்ற விரல்களும் இறுகினாலும், குழல் திரும்பிவிடும்.

திரும்பினால் என்ன ஆகும்? துப்பாக்கியின் பின்பக்கம் ஒரு பிளவும், குழல் நுனியில் ஒரு சிறு முனையும் இருக்கும். பிளவின் நடுவில் முனை நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையே 220 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முனை 1 மில்லிமீட்டர் விலகினால், 25 மீட்டர் தூரத்தில் தோட்டா ஏறத்தாழ 114 மில்லிமீட்டர் விலகிப் போகும். பத்துப் புள்ளி வட்டத்தின் ஆரமே 50 மில்லிமீட்டர்தான். அதுவே, முனையும் பிளவும் நேராக இருக்க, துப்பாக்கி முழுவதும் இணையாக 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் தோட்டாவும் அந்த 1 மில்லிமீட்டரே விலகும். தோளிலிருந்து கை ஆடினால் இன்னும் கூடும். ஆனாலும் மணிக்கட்டு சாய்ந்து முனை விலகுவதால் வரும் கேட்டுக்கு அது ஈடாகாது.

இந்தக் கணக்கு முக்கியமானது. உயிருள்ள கை ஆடாமல் இருக்காது. உலக சாம்பியனின் கையும் ஆடும். புதிதாகச் சுடுகிறவர் அந்த ஆட்டத்தைப் பார்த்துப் பதறுகிறார். முனை ஒரு நொடி சரியான இடத்துக்கு வந்ததும், 'இதோ, இப்போது!' என்று விசையை வெடுக்கென்று இழுத்துவிடுகிறார். கையின் ஆட்டம் ஒன்பதில் சேர்த்திருக்கக்கூடிய தோட்டாவை, அந்த வெடுக் ஏழுக்குத் துரத்திவிடுகிறது. கெடுத்தது ஆட்டம் அல்ல, ஆட்டத்தைப் பொறுக்க முடியாத மனம்.

இதைக் கண்ணெதிரே காட்ட ஓர் எளிய வழி உண்டு. பயிற்சியாளர் தோட்டாக்களின் நடுவே வெடிக்காத போலித் தோட்டா ஒன்றைக் கலந்து வைப்பார். சுடுகிறவருக்கு அது எப்போது வரும் என்று தெரியாது. அதன் முறை வந்து விசையை அழுத்தும்போது சத்தமும் இல்லை, உதைப்பும் இல்லை. ஆனால் குழல் மட்டும் வெடுக்கென்று கீழே குனியும். வராத உதைப்புக்கு உடம்பு முன்கூட்டியே பயந்துவிட்டது என்று அப்போது புரியும். தோட்டா புறப்படும் முன்பே தவறு நடந்து முடிந்துவிடுகிறது.

இதற்கு மருந்து, தோட்டா இல்லாமல் சுட்டுப் பழகுவது. டிரை ஃபயர் என்பார்கள். துப்பாக்கி காலியா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து, அறையில் ஒரு தோட்டாவும் இல்லாமல் செய்துகொண்டு, வெறும் சுவரைப் பார்த்து விசையை அழுத்த வேண்டும். கண் முனையிலேயே நிற்க வேண்டும். உள்ளே 'டிக்' என்று கேட்ட பிறகும் முனை பிளவின் நடுவை விட்டு விலகியிருக்கக் கூடாது. அங்கே புள்ளி இல்லை, கைதட்டல் இல்லை. விளைவு என்ற ஒன்றே இல்லாத இடத்தில்தான் விரல் தன் வேலையைச் சுத்தமாகக் கற்கிறது.

வேகமும் இங்கிருந்தே வருகிறது. தேர்ந்த வீரர் விசையை வேகமாக அடிப்பதில்லை. கை உயரும்போதே விரல் அழுத்தத் தொடங்கிவிடுகிறது. முனை இலக்கை அடையும்போது கொஞ்சம் வேலைதான் மிச்சம். சுட்டதும் தேவையான அளவுக்கு மட்டும் விரலைத் தளர்த்தி, உடல் அடுத்த இலக்குக்குத் திரும்பும்போதே மறுபடி அழுத்தத் தொடங்குகிறார். மிச்சமாகும் நேரமெல்லாம் தயக்கத்தைக் குறைத்ததால் மிச்சமானது.

ஹங்கேரி ராணுவ வீரர் கரோலி டகாக்சின் வலக்கையை 1938-இல் ஒரு கையெறி குண்டு சிதைத்தது. அதுதான் அவர் சுடும் கை. அவர் இடக்கையால் முதலிலிருந்து பழகினார். 1948 லண்டனில் ரேபிட் ஃபயர் பிஸ்டலில் தங்கம் வென்றார். 1952 ஹெல்சிங்கியில் மீண்டும் வென்றார். கைராசி என்று நாம் சொல்வது கையில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பழக்கிய ஒழுங்கில் இருக்கிறது அது.

நாமும் எல்லா வேலையிலும் சரியான கணத்துக்குக் காத்திருக்கிறோம். வந்ததும் பறிக்கப் பார்க்கிறோம். தேர்வு எழுதும் மாணவரும், மேடை ஏறும் பாடகரும், கத்தி பிடிக்கும் மருத்துவரும் சறுக்குவது பல நேரங்களில் திறமைக் குறைவால் அல்ல, இந்தப் பறிப்பால்தான். கை ஆடத்தான் செய்யும். அதை ஒப்புக்கொண்டு, முறையை விடாமல் அழுத்துங்கள். குறையோடு நின்று ஒழுங்காகச் செய்கிறவர், நிறைவான கணத்தைப் பறிக்க ஓடுகிறவரை என்றைக்கும் முந்துவார்.