கோபுரத்துக் குழாயும் மண்டபத்துப் பெட்டியும்

இறைவன் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லலாமா என்ற வாதம் திருச்சியில் ஓய்வதில்லை. மலைக்கோட்டை உச்சியில் பிள்ளையார், கீழே லூர்து அன்னை ஆலயம், சற்றுத் தள்ளி நத்தர்வலி தர்கா. காவிரியைத் தாண்டினால் ஏழு பிரகாரங்களோடு திருவரங்கம். அதன் வெளிச்சுற்றுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்கின்றன, கோயிலுக்குள்ளேயே ஊர். வேண்டும் என்று ஒரு கட்சி, வேண்டாம் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் கருவியைப் பற்றியே பேசுகின்றன. ஆம்ப்ளிஃபயரிலிருந்து கிளம்பும் வயர் எங்கே போய் முடிகிறது, அந்த முனையில் எத்தனை வாட் நிற்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை. பக்தியைப் பற்றிய கேள்வி அங்கேதான் இருக்கிறது என்பது என் கட்சி.

மைக் செட்காரர் ஒலிபெருக்கியை இரண்டு விதமாக அமைக்கலாம். உயரத்தில் திசைக்கு ஒன்றாகக் குழாய் ஸ்பீக்கர் கட்டி, வால்யூமை முழுசாகத் திருப்பிவிடுவது ஒரு விதம். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்தோறும் ஒலி 6 டெசிபல் குறையும். 32 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு 75 டெசிபல் கிடைக்க வேண்டுமானால், குழாயிலிருந்து ஒரு மீட்டரில் 105 டெசிபல் இருந்தாக வேண்டும். எட்ட இருப்பவரை அடைவதற்காகக் கிட்ட இருப்பவரின் காதைக் கிழிக்கிறோம். தவிர, ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் இடைவெளியில் இரண்டு குழாய்கள் இருந்தால், ஒன்றின் அடியில் நிற்பவருக்கு மற்றதன் சொல் பத்தில் ஒரு வினாடி பிந்தி விழும். ஓர் அசை அடுத்த அசையின் மேல் ஏறும், கல்சுவர்கள் மிச்சத்தைக் குழப்பும். இன்னொரு விதம் 100 வோல்ட் லைன். ஒரே ஜோடி வயரை மண்டபம் நெடுகக் கொண்டுபோய், தூணுக்குத் தூண் சின்னப் பெட்டிகளைப் பேரலலாக இணைப்பது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 5 வாட், 10 வாட் என்று டேப்பிங் வைக்கலாம். எல்லாப் பெட்டிகளின் வாட்டையும் கூட்டினால் ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தாண்டக்கூடாது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் அனுப்ப மூன்றரை ஆம்பியர் ஓட வேண்டும். இந்த லைனில் ஓர் ஆம்பியர் போதும் என்பதால், அதே வயரில் வீணாவது பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. ஒரு பெட்டியில் மட்டும் ப்ளஸ் மைனஸ் மாறிவிட்டாலும், அதற்கும் பக்கத்துப் பெட்டிக்கும் நடுவில் நிற்பவருக்குக் குரல் சன்னமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு முனையையும் பார்த்துப் பார்த்து முறுக்க வேண்டும். வேலை கூடுதல்தான். ஆனால் எதிரே நிற்பவரிடம் பேசுகிற அளவுக் குரலிலேயே கடைசித் தூண்வரை சொல் தெளிவாகப் போய்ச் சேரும்.

வைணவம் பெருமாளின் குணங்களைப் பரத்வம், சௌலப்யம் என்று இரண்டு தலைப்பில் பேசும்: எட்டாத மேன்மை, எளிதில் கிட்டும் தன்மை. திருவரங்கத்தில் வாழ்ந்த பிள்ளை லோகாச்சாரியார் ஸ்ரீவசனபூஷணத்தில் இறைவனின் ஐந்து நிலைகளையும் தண்ணீரை வைத்து விளக்குகிறார். அவதாரங்கள் பெருக்கெடுத்து ஓடிய ஆறு. கோயிலில் நிற்கும் அர்ச்சை வடிவம், அந்த ஆற்றில் தேங்கி நின்ற மடு. தாகத்தோடு வருகிறவன் குடிக்க முடிவது மடுவில்தான். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே குடியிருப்பவர்களுக்கு இதற்கு உரை தேவைப்பட்டிருக்காது. கிட்டே வந்து நின்றதையே இறைவனின் தனிப்பெருமையாகக் கொண்டாடும் ஒரு மரபு, அவன் பெயரை மட்டும் ஏன் வெள்ளமாகத் திறந்துவிட வேண்டும்? மார்கழியில் பகல்பத்தும் இராப்பத்தும் நடக்கும்போது அரையர் குழித்தாளத்தோடு பாசுரத்தைப் பாடுகிறார், அபிநயிக்கிறார், வியாக்கியானமும் சொல்கிறார். மூன்றுமே எதிரே இருப்பவர் புரிந்துகொள்வதற்காகச் செய்யப்படுபவை. ஆயிரங்கால் மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் மூதாட்டிக்கும் அது கேட்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதற்கு 5 வாட் பெட்டி ஒன்று போதும்.

இராமானுசரே கோபுரம் ஏறியவர்தானே என்று கேட்பார்கள். வலிமையான கேள்வி. திருவரங்கத்திலிருந்து 18 முறை நடந்து திருக்கோட்டியூர் நம்பியிடம் பெற்ற மந்திரப் பொருளை அவர் உயரத்தில் நின்று ஊருக்கே சொன்னார் என்பது குருபரம்பரை வழி வரும் செய்தி. அந்தச் செய்தியின் உயிர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரகசியத்தை வெளியிட்டால் நரகம் என்று ஆசாரியர் எச்சரித்திருந்தார். மற்றவர்கள் உய்வதானால் அந்த நரகம் எனக்கே வரட்டும் என்று அவர் துணிந்தார். விலையைத் தாமே ஏற்றார். இன்றைய குழாயின் விலையைக் கொடுப்பவர்கள் வேறு ஆட்கள்: இரவுப் பணி முடிந்து அப்போதுதான் படுத்தவர், நோயாளி, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை. அவர்களை யாரும் கேட்கவில்லை. உயரத்தில் ஏறுவதால் மட்டும் ஒருவர் இராமானுசரின் வழியில் நின்றுவிட முடியாது.

மந்திர ஒலி காதில் பட்டாலே புண்ணியம், பொருள் புரியாவிட்டால் என்ன என்பது இன்னொரு வாதம். ஆழ்வார்களின் திவ்யப் பிரபந்தத்துக்கு இது பொருந்தாது. நம்பிள்ளை திருவரங்கத்தில் சொன்ன திருவாய்மொழி விளக்கத்தைக் கேட்டுத்தான் வடக்குத் திருவீதிப்பிள்ளை ஈடு என்ற உரையை எழுதினார். நம்பிள்ளையைக் கேட்கக் கூடியவர்களைப் பார்த்தவர்கள், இது உற்சவரான நம்பெருமாளைச் சேவித்துவரும் கூட்டமா, நம்பிள்ளையின் கூட்டமா என்று வியந்ததாகவும் சொல்வார்கள். அவ்வளவு பேரும் வந்து உட்கார்ந்து கேட்டவர்கள். படுக்கையை விட்டு எழ முடியாத முதியவருக்கு விடியற்காலைத் திருப்பாவை வீடு தேடி வருகிறதே என்பதை மட்டும் என்னால் தள்ள முடியாது. அது மெய்யான நன்மை. அதற்கு அவர் தலைமாட்டில் ஒரு ரேடியோ போதும், தெரு முழுவதும் எழ வேண்டியதில்லை. அவர்கள் வைத்திருக்கிறார்களே, நாம் ஏன் குறைக்க வேண்டும் என்பதோ பக்தியே அல்ல, போட்டி. பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் ஒரு சென்னை வழக்கில் கூறியது எல்லா வழிபாட்டிடங்களுக்கும் பொருந்தும். அதே ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுத்தாலும், மூடிய அரங்குக்குள் இருப்பவர்களுக்காக மட்டும் ஒலிப்பதை விட்டுவைக்கின்றன. வந்தவர் காதுக்கும் வராதவர் காதுக்கும் உள்ள வேறுபாடு சட்டத்துக்கும் தெரிந்திருக்கிறது.

புறப்பாட்டின்போது பாசுரம் சொல்லும் அருளிச்செயல் கோஷ்டி பெருமாளுக்கு முன்னே போகும், வேத கோஷ்டி பின்னே வரும். வாசலில் நிற்பவருக்கு முதலில் தமிழ் நெருங்கி வருகிறது, நடுவில் பெருமாள், பிறகு வேதம் விலகிப் போகிறது. சித்திரை வீதிக் கம்பத்தில் குழாய் ஏதோ ஒரு பதிவைப் பாடிக்கொண்டிருந்தால் இந்த வரிசை காதுக்குக் கிடைக்காது. வீதி லைனுக்குத் தனி சுவிட்ச் வைப்பது சிறிய செலவு. புறப்பாடு வீதியில் இருக்கும்வரை அதை அணைத்து வைக்கலாம்.