ஒன்றாவதா, சமமாவதா?

சாதி வேற்றுமை ஒழிய வேண்டும் என்பதில் உடன்படுவோரும், அது எவ்வழியில் ஒழியும் என்பதில் உடன்படுவதில்லை. முதலில் மனங்கள் ஒன்றட்டும், உரிமை தானே வரும் என்பர் ஒரு சாரார். முதலில் உரிமையைத் தாருங்கள், மனங்கள் பிறகு ஒன்றட்டும் என்பர் மறுசாரார்.

1932-ஆம் ஆண்டு இவ்விரு பார்வைகளும் நேருக்கு நேர் நின்றன. புனா ஒப்பந்தத்தை அடுத்து, பின்னர் அரிசன சேவக சங்கம் எனப் பெயர் பெற்ற அமைப்பு உருவாயிற்று. காந்தியடிகள் அதனைச் சாதி இந்துக்கள் செய்யவேண்டிய கழுவாயாகக் கண்டார். அண்ணல் அம்பேத்கரோ, கிணற்றிலும் பள்ளியிலும் ஒடுக்கப்பட்டோரின் உரிமையை நிலைநாட்டும் இயக்கமாக அது அமைய வேண்டும் என்றார்.

அவர் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் உண்டு. 1927-இல் மகத் நகரின் பொதுக்குளத்தில் அவர் தம் மக்களோடு நீர் அருந்தினார். நகராட்சி அக்குளத்தை ஏற்கெனவே அனைவருக்கும் திறந்துவிட்டிருந்தது. ஆயினும் அங்கு வந்த மக்கள் தாக்கப்பட்டனர். வழக்கில் உயர்நீதிமன்றத் தீர்ப்பு வர 1937 ஆயிற்று.

இந்நிகழ்ச்சி இரு சாராருக்கும் பாடம் சொல்கிறது. மனம் மாறாத ஊரில் ஆணை வெறும் தாளாகவே கிடக்கும். காந்தியடிகளின் கவலை பொய்யன்று. ஆனால் மனம் மாறும்வரை பொறுத்திருங்கள் என்று சொல்வது, குளத்தின் கரையில் இருப்பவனுக்கு எளிது. தாகத்தோடு நிற்பவனுக்கு அன்று. சமமாக நிற்க இடமளிக்காத ஒற்றுமை, எவ்வளவு அன்பானதாயினும், சலுகையே.

அந்தியோக்கியாவில் பிற இனத்தாருடன் உண்டுவந்த பேதுரு, யூதர் சிலர் வந்ததும் விலகிக்கொண்டார். அவரது நம்பிக்கை மாறவில்லை. பந்தியில் அவர் அமர்ந்த இடமே மாறிற்று. பவுலடியார் அவர் மனம் கனியும்வரை காத்திராமல், முகத்துக்கு நேரே கண்டித்தார் (கலா 2:11-14). பிற இனத்தார் முதலில் யூதராக வேண்டும் என்றும் அவர் கேட்கவில்லை.

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினருக்குரிய உரிமையைத் தலித் கிறித்தவர்களுக்கு மறுக்கிறது. அவ்வுரிமையை நாம் அரசிடம் கேட்கிறோம், கேட்பது நீதியே. ஆனால் கல்லறைகள் இன்னும் சாதியால் பிரிந்து கிடக்கும் பங்குகளில், காலம் கனியட்டும் என்று நாமே சொல்லலாமா? அரசிடம் நாம் ஏற்க மறுக்கும் விடையை, உடன்பிறப்புக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது?

ஒற்றுமை சமத்துவத்தின் கனி, அதற்குரிய விலையன்று.